கைக்கு மட்டும் ஒரு சத்தியம்

1943 ஆகஸ்டில், லிங்கி ஆற்றை ஒட்டிய மூங்கில்பாலம் ரப்பர் தோட்டத்து ஆண்களில் பெரும்பாலோரை ஜப்பான்காரர்கள் லாரிகளில் ஏற்றிச் சிரம்பான் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை என்றும், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றும் சொல்லப்பட்டது. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டதால், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கமும் ஏற்றப்பட்டான்.

தை பிறந்தும் யாரும் திரும்பவில்லை. ஆபீஸ் கடிகாரத்தை ஜப்பான்காரன் தன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். அது ஏழரை மணி காட்டிய ஒரு காலையில், இன்னும் சரியாக விடியாத நேரத்தில், கிராணி வீட்டு அடுப்படியில் அவன் அம்மா மங்கம்மா தன் முன்னால் வைத்த மரவள்ளிக் கிழங்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆறிப்போயிடும் அத்தை" என்றாள் மருமகள் வள்ளிநாயகி.

"ஆறட்டும்."

"உப்பு கொறைச்சலா இருக்கா?"

"உப்பு இருக்கு, உறைப்பு இருக்கு, எல்லாம் இருக்கு. எம்புள்ளதான் இல்ல." மங்கம்மா தட்டை விரலால் தள்ளினாள். "நேத்து பொழுது சாயிறப்ப எங்கடி போயிருந்தே?"

"கொல்லைக்கு. கிழங்கு புடுங்க."

"கிழங்கு புடுங்கப் போறவ எதுக்குடி கையில கயிறும் ஆணியும் கரித்துண்டும் எடுத்துட்டுப் போறா?"

வள்ளிநாயகி நிமிர்ந்து பார்த்தாள். வாசல்படியில் நாத்தனார் பஞ்சாலை, பின்னிய பின்னலையே மறுபடி மறுபடி பின்னிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். யார் சொன்னது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பாலு கொட்டாயில நடு எடத்துல ஆணி அடிச்சு, கயித்தக் கட்டி வட்டம் போட்டு, உள்ளாற சூலம் எழுதி வச்சிருக்கியாமே. யாரைடி கட்டுறே? சயாமுக்குப் போன எல்லாரப் பத்தியும் ஏதோ ஒரு சேதி வருது, எம்புள்ளையப் பத்தி மட்டும் ஒண்ணும் வரமாட்டேங்குதேன்னு நானும் மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிட்டேன். இப்பத்தானே தெரியுது... கட்டிப்போட்டவ வீட்டுக்குள்ளயே இருக்கான்னு."

"அத்தை... அது சூலம் இல்ல. கணக்கு."

"கணக்குக்கு எதுக்குடி ஆணி?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அந்த அடுப்படியில் சொல்லிப் புரியவைக்கத்தான் முடியாது.

வள்ளிநாயகி சிரம்பான் லோபாக்கில் பிறந்தவள். அப்பா ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெசர். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடத்துக் கணக்குப் புத்தகத்தை ஆசிரியை நடத்தி முடிப்பதற்கு முன்பே இவள் முடித்துவிட்டு, அதில் இல்லாததையெல்லாம் கேட்கத் தொடங்கினாள். 1941-இல் சிங்கப்பூர்க் கல்லூரியில் கணிதம் படிக்க இடம் கிடைத்தது. அதே வருடம் பெண் பார்க்க வந்த அமிர்தலிங்கம், "கல்யாணம் முடியட்டும், அப்புறம் நானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்" என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கல்யாணம் ஆகிச் சில மாதங்களில் ஜப்பான் யுத்தம் வந்தது. கல்லூரி மூடியது. அப்பா மலேரியாவில் போனார். காகிதம் என்ற பொருளே தோட்டத்தில் இல்லாமல் போனது.

ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை காலியாகக் கிடந்தது. பால் வாங்க ஆளில்லை, நிறுப்பதற்கு ஒன்றுமில்லை. இடித்துக் கெட்டித்த மண் தரை, நல்ல வெளிச்சம். அமிர்தலிங்கம்தான் அதைக் காட்டிக் கொடுத்தவன். கயிற்றின் ஒரு முனையை ஆணியில் கட்டி, "நட்டநடுவுல ஆணிய நான் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீ என்னைச் சுத்திக்கிட்டு வா" என்பான். அவள் கரியால் வட்டம் போடுவாள்.

அவளைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். வட்டத்துக்குள் ஒரு முக்கோணம், அதன் மூன்று முனையும் வட்டத்தின் மேல். வட்டத்தின் மேலேயே இன்னொரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் செங்குத்தாகக் கோடு இறக்கினால், அவை தொடும் மூன்று இடங்களும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். இது பள்ளிப் புத்தகத்தில் இருந்தது. புள்ளியை வட்டத்தின் மேல் கொஞ்சம் நகர்த்தினால் அந்த நேர்கோடும் நகரும். நகர்த்தி நகர்த்தி எல்லாக் கோடுகளையும் போட்டால், அவற்றுக்கு நடுவே யாரும் வரையாத ஓர் உருவம் எழுந்து வந்தது: மூன்று கூர்முனைகளும் உள்ளே குழிந்த பக்கங்களுமாக. இது புத்தகத்தில் இல்லை. முக்கோணத்தை எப்படி மாற்றினாலும் அதே உருவம் வந்தது. இடமும் திசையும் மாறின. அளவு மாறவே இல்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியவேண்டும். அவன் போன பிறகு ஆணியைத் தரையில் அறைந்துவிட்டு, தனியாக அதைத் தேடிக்கொண்டிருந்தாள். விடை எங்கோ பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தது.

அன்று காலையே மங்கம்மா முனீஸ்வரன் கோயில் பூசாரி மாயாண்டியைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மாயாண்டியின் தொழில் பால்மரத்தை வெட்டிப் பால் இறக்குவது. தோட்டத்தில் செய்வினை வைப்பு, கட்டு, கழிப்பு எல்லாம் அவன் கைதான். தரையில் கிடந்த உருவத்தைச் சுற்றி வந்தான். குனிந்து மோந்து பார்த்தான். ஆணியை அசைத்துப் பார்த்தான்.

"என்னடா சொல்றே?" என்றாள் மங்கம்மா.

"இது என் சரக்கு இல்ல ஆத்தா."

"அப்ப மலையாளத்துச் சரக்கா?"

"எந்த ஊருச் சரக்கும் இல்ல. எழுத்து இருக்கணும், பேரு இருக்கணும், முடியோ துணியோ ஏதாவது இருக்கணும். ஒண்ணுமில்லாம வெறுங்கோடு. நானும் எத்தனையோ பாத்திருக்கேன்." தலையைச் சொறிந்தான். "என்ன ஒண்ணு, கள்ளுக்கடை மூடுனதுலேருந்து எனக்கே சாமி சரியா வர்றதில்ல. அதையும் சொல்லிடணும்."

கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மங்கம்மா சிரிக்கவில்லை. ஆணியைத் தானே பிடுங்கினாள். கையால் வரவில்லை, கல்லால் இருபுறமும் தட்டித் தட்டி, மூச்சு வாங்கப் பிடுங்கி எறிந்தாள். பிறகு முந்தானையால் தரையைத் துடைக்கத் தொடங்கினாள். மண்ணில் ஏறிய கரி எளிதில் போகவில்லை. மண்டிபோட்டுக்கொண்டு, அழுதுகொண்டே துடைத்தாள்.

"விடுங்க அத்தை, நான் அழிக்கிறேன்" என்றாள் வள்ளிநாயகி.

"நீ தொடாதே. நீ தொட்டதுதான் இவ்வளவும்... சூடம் அடிச்சு சத்தியம் பண்ணு. இனிமே கோடு போடமாட்டேன்னு பண்ணு. இல்லேன்னா அந்தக் கிழங்கை நான் தொடமாட்டேன். எம்புள்ள வந்து கேக்கும்போது உங்காத்தா பட்டினி கெடந்து செத்தான்னு சொல்லிக்கோ."

சொன்னால் செய்கிறவள் அவள். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தாள். லாரி ஏறுவதற்கு முன் அமிர்தலிங்கம் மனைவியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவைப் பார்த்துக்கொள்.

"சரி அத்தை" என்றாள் வள்ளிநாயகி.

சூடம் அப்போது லிங்கி பாசாரில் கிடைக்காத பொருள். சாமிக்கென்று மூங்கில் குழாயில் ஒளித்து வைத்திருந்த ஒரு துண்டை மாயாண்டி மனசில்லாமல் எடுத்து வந்து, முனீஸ்வரன் முன்னால் ஏற்றினான்.

"எம்புள்ள திரும்பி வர்ற வரைக்கும் கோடு போடமாட்டேன், கணக்கு நெனைக்கமாட்டேன்னு சொல்லு."

வள்ளிநாயகி எரிகிற சூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கையை நான் கட்டிக்கலாம் அத்தை. மனசு நெனைக்காதுன்னு எப்படிச் சத்தியம் பண்ணுவேன்? பொய்ச் சத்தியமாப் போயிடாதா?"

"பாத்தியா, இப்பவே நழுவுறா."

"அது சரிதான் ஆத்தா" என்றான் மாயாண்டி. "மனசுக்குச் சத்தியம் வாங்கினா இந்தத் தோட்டத்துல ஒருத்தரும் உசிரோட இருக்கமாட்டோம். கைக்கு மட்டும் வாங்கிக்க. சூடம் முடியப் போகுது."

அவர் திரும்பி வரும் வரைக்கும் என் கை கோடு போடாது, எண் எழுதாது என்று வள்ளிநாயகி சூடத்தை அடித்து அணைத்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. மங்கம்மா வீட்டுக்கு வந்து கிழங்கைச் சாப்பிட்டாள்.

மனத்துக்குச் சத்தியம் இல்லைதான். ஆனால் கை இல்லாமல் மனம் எவ்வளவு தூரம் போகும் என்பதை வள்ளிநாயகி அதன் பிறகுதான் தெரிந்துகொண்டாள். கிழங்கு நடும்போதும், ஆற்றில் சாக்குத் துணியைத் துவைக்கும்போதும் கண்ணுக்குள் வட்டத்தைப் போட்டுப் பார்த்தாள். முக்கோணம் வந்தது. முதல் கோடு வந்தது. நாலைந்து கோடுகள் வந்தபின் பழையவை கலைந்துபோயின. மறுபடி முதலிலிருந்து போட்டாள். மறுபடி கலைந்தது. கணவன் முகமும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. நெற்றி நினைவிருந்தது, சிரிப்பு நினைவிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஏதோ ஒன்று நழுவியது. எதற்காக ஏங்குகிறோம் என்று அவளுக்கே சில நாள் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவன் வந்தால் கோடும் வரும், இரண்டும் ஒன்றாகவே வரும் என்று நினைத்துக்கொண்டு லாரிச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.

சாம்பல் போட்டுப் பானை தேய்க்கும்போது கை தானாக வட்டமாய்ச் சுற்றி, ஒரு கோட்டை இழுத்துவிடும். உடனே மற்ற கையால் அதைத் துடைத்துவிடுவாள், குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள். மங்கம்மா பார்த்தாள். அந்த வருடம் மங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, கொயினா மாத்திரை கிடைக்காமல் கசப்புப் பட்டையைத் தேடி ஆற்றங்கரையெல்லாம் அலைந்து, காய்ச்சி ஊற்றியவள் வள்ளிநாயகி. கண் திறந்ததும் மங்கம்மா கேட்டது, "அமிர்தம் வந்துட்டானா?" என்றுதான்.

பாதை போட்டு முடிந்த பிறகு, வேலைக்கு உதவாத நோயாளிகளில் சிலர் எப்படியோ ஊர் திரும்பத் தொடங்கினார்கள். 1945 ஜூனில் மூங்கில்பாலத்துக்குக் காத்தமுத்து வந்து சேர்ந்தான். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ஆள். கெண்டைக்காலில் எலும்பு தெரியப் புண். அவன் பெண்டாட்டியே அவனை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று என்றார்கள். மங்கம்மா கேள்விப்பட்டதும் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு ஓடினாள். பின்னால் வள்ளிநாயகியும் பஞ்சாலையும்.

காத்தமுத்து அவர்களைப் பார்த்ததும் எழ முயன்றான். முடியவில்லை.

"கிராணியார் போயிட்டாரு ஆத்தா" என்றான். சுற்றி வளைத்துச் சொல்ல அவனுக்கு வலு இல்லை. "காலரா. போன தீபாவளிக்கு முந்துன தீபாவளி... அதுக்கும் முந்தியே. ஆத்தங்கரையில பொதைச்சோம்... நல்லாத்தான் பொதைச்சோம். எரிக்க வெறகு ஈரமா இருந்துச்சு."

1943 தீபாவளிக்கும் முந்தி. வள்ளிநாயகி அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். தை மாதம் சூடம் ஏற்றியபோதே அவன் இல்லை. இல்லாத ஒருவனின் வரவுக்காகக் கட்டிய கை அது.

மங்கம்மா அழவில்லை. "நீ வேற யாரையோ பாத்திருப்பே" என்றாள்.

"இல்ல ஆத்தா. ஒரே கொட்டாயில படுத்திருந்தோம். காச்சல் வந்தப்ப மூங்கித் தட்டியில கரியால கோடு போட்டுக்கிட்டே கெடப்பாரு. வட்டம் போட்டு, முக்கோணம் போட்டு, குறுக்கும் நெடுக்கும் கோடு. போடப் போட நடுவுல சூலம் மாதிரி ஒண்ணு எந்திரிச்சு வரும். நம்ம முனீஸ்வரன் சூலம்னு நாங்க நெனச்சோம். எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க கிராணியாரேன்னு அவன் கேக்க, இவன் கேக்க..." காத்தமுத்துவின் உதடு கொஞ்சம் கோணியது. சிரித்தான் போலிருந்தது. "'மந்திரம் இல்லடா, எஞ்சம்சாரம் போடுற கணக்கு. பாதியில நிக்கிது, இன்னேரம் முடிச்சிருப்பா'ன்னாரு. சொல்லிட்டு, கேட்டவனுக்கெல்லாம் போட்டுக் குடுத்தாரு. நான் தலைமாட்டுல வச்சுக் கும்புட்டேன் ஆத்தா. நான் மட்டும்தான் அந்தக் கொட்டாயில பொழைச்சேன்."

"அத... எம்புள்ளையா எழுதினான்?"

"அவருதான்."

மங்கம்மா எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

அதன் பிறகு பல நாள் அந்த வீட்டில் சாவு நடந்ததாகவே தெரியவில்லை. கருமாதி இல்லை. வள்ளிநாயகியின் நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. "காத்தமுத்துக்குக் காச்சல்ல புத்தி பெரண்டுபோச்சு. கண்டதும் ஒளறுறான்" என்று மங்கம்மா யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். வள்ளிநாயகி ஒவ்வொரு முறையும், "ஆமா அத்தை" என்றாள்.

ஒருநாள் காலை, மங்கம்மா அதையே மறுபடி சொன்னபோது, பஞ்சாலை கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

"ஆமான்னு சொல்லாதீங்க அண்ணி. அம்மா, நீயும் போதும் நிறுத்து. அண்ணன் இல்ல. ஒனக்கும் தெரியும். நான்தான் அன்னிக்கு ஒளிஞ்சு பாத்துட்டு வந்து ஒங்கிட்ட மூட்டிவிட்டேன். அண்ணன் போனதுக்கு யாரையாவது குத்தம் சொல்லணும்போல இருந்துச்சு, அண்ணி கெடைச்சாங்க. பாலு கொட்டாயத் தாண்டும்போது அண்ணி தலையத் திருப்பிக்கிட்டு நடக்கிறத ஒன்றரை வருசமா பாக்கிறேன்... எனக்குச் சோறு எறங்கல."

"சும்மா இரு பஞ்சு" என்றாள் வள்ளிநாயகி.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? அண்ணன் வர்ற வரைக்கும்னு சத்தியம். வரமாட்டாரு. அப்ப எப்பத்தான் முடியும்?"

மங்கம்மா மகளைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது மாயாண்டி கூட இருந்தான்.

"இவ சத்தியத்தை எடுக்கணும்" என்றாள்.

"பண்ணினவ மீறக்கூடாது. வாங்கினவ திருப்பிக் குடுக்கலாம்" என்றான் மாயாண்டி. "ஆனா சூடம் இல்ல. சிரம்பான்லயும் இல்ல."

"அப்ப துரும்பு கிள்ளிப் போட்டு அத்துவிடுறேன்."

"போடலாம். ஆனா எதனால அந்தச் சத்தியம் இனிமே இல்லேன்னு வாயால சொல்லணும் ஆத்தா. மூத்தவ நீ, நீதான் சொல்லணும். சாமி முன்னால."

கோயிலைச் சுற்றி லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மங்கம்மா ஒரு புல்லைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதைக் கிள்ளாமல் விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

வள்ளிநாயகி போய் அந்தக் கையைப் பிடித்தாள். "வேணாம் அத்தை. சொல்லாதீங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நாம காத்திருப்போம்."

"எது வரைக்கும்டி?"

"நீங்க சொல்ற வரைக்கும்."

"நான் சொல்லாட்டி நீ கையைக் கட்டிக்கிட்டே கெழவியாயிடுவே. பானை தேய்க்கும்போது துடைச்சுத் துடைச்சு அழிப்பே. எனக்குக் கண்ணு இல்லேன்னு நெனச்சியா?" மங்கம்மா அவள் கையை விலக்கினாள். "அவன் சாகக் கெடக்கும்போது ஒன் கணக்கத்தான்டி எழுதியிருக்கான். என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னானான்னு காத்தமுத்துகிட்ட நான் கேக்கல. கேக்கப் பயம். அவன் ஆசையா எழுதினத நான் இங்க முந்தானையால அழிச்சேன்... மண்டிபோட்டு அழிச்சேனே."

"நீங்க அவரைக் காப்பாத்தத்தான் அழிச்சீங்க. அவருக்கு அது தெரியாதா?"

மங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். புல்லை இரண்டாகக் கிள்ளினாள்.

"எம்புள்ள அமிர்தலிங்கம் செத்துட்டான். இனி வரமாட்டான். இவ கையில எனக்கு ஒரு பாத்தியதையும் இல்ல."

சொல்லி முடித்ததும் அப்படியே உட்காரப் போனாள். வள்ளிநாயகி தாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்து, ஒன்றரை வருடமாக அழாததை அழுதார்கள். பஞ்சாலை கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு அவளும் வந்து உட்கார்ந்தாள். மாயாண்டி கிள்ளிய புல்லைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அவர்களைப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் நடந்தான்.

அந்த வாரம் அமிர்தலிங்கத்துக்குக் கருமாதி நடந்தது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பஞ்சாலைக்கு மறு வருடம் செனாவாங்கில் மாப்பிள்ளை அமைந்தது. 1946-இல் சிங்கப்பூர்க் கல்லூரி மறுபடி திறந்தபோது வள்ளிநாயகி கணித வகுப்பில் சேர்ந்தாள். தான் தேடிய உருவத்தை ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் ஒருவர் கண்டுபிடித்து நிரூபித்திருந்ததை அங்கே நூலகத்தில் படித்தாள். பிறகு வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றிய அவளுடைய முதல் கட்டுரை 1953-இல் அச்சானது. மங்கம்மா அவளுடன் சிங்கப்பூரில் இருந்தாள்; அந்தக் கட்டுரை அச்சாவதற்கு இரண்டு வருடம் முன்பு இறந்துபோனாள்.